இரும்பும் ஈரலும் கள்ளக்குறிச்சியும்

இரும்பின்றி மாந்தனுக்கு மூச்சில்லை. குருதியின் செம்மைக்கும், உயிர்வளியைச் சுமக்கும் அதன் ஆற்றலுக்கும் இரும்பே அடிப்படை. வளர்ந்த மாந்தன் ஒருவன் உடலிலுள்ள இரும்பு மூன்று அல்லது நான்கு கிராம்தான். ஒரு சிறு ஆணியின் அளவு. அவ்விரும்பு தன் இடத்தில் கட்டுண்டு கிடக்கும்வரை காவலாகும். கட்டவிழ்ந்து திரிந்தால் கூற்றாகும். இதனைக் கள்ளக்குறிச்சி மண்ணில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை நமக்கு நேர்ந்துள்ளது.

2024ஆம் ஆண்டு சூன் 18, 19 ஆகிய நாள்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச்சாராயம் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராய்ச் சாய்ந்தனர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம், புதுச்சேரி மருத்துவமனைகள் நிறைந்தன. பெண்கள் உள்ளிட்ட 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது மெத்தனால். ஆலைகளுக்குரிய அந்நீர்மத்தை நம் ஈரல் எறும்புக் கடுப்பிலுள்ள அதே காடியாக மாற்றுகிறது. உயிரணுவுக்குள் மூச்சுத்தொழில் புரியும் நொதி ஒன்றுண்டு. அதன் நடுவே இருப்பதும் இரும்பே. எறும்புக்காடி அவ்விரும்பைப் பற்றிப் பூட்டிவிடுகிறது. குருதியில் உயிர்வளி இருந்தும் உயிரணு மூச்சு முட்டிச் சாகிறது. கண்ணரம்பு முதலில் வாடுகிறது; பார்வை மங்குகிறது. இஃது இரும்பு பூட்டுண்டதால் வரும் சாவு. ஊர் கூடி அழுத சாவு.

ஊர் அறியாத சாவு இன்னொன்று உண்டு. அதில் இரும்பு பூட்டுண்பதில்லை, அவிழ்ந்து விடுகிறது. 2012இல் அமெரிக்கக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பிரெண்ட்டு இசுடாக்குவெல் குழுவினர் அதற்குப் பெயரிட்டனர். இலத்தீன் மொழியின் இரும்பையும் கிரேக்க மொழியின் வீழ்ச்சியையும் இணைத்துப் 'பெரோப்டோசிசு' என்றனர். நாம் அதனை 'இரும்பழிவு' என்போம். நம் உழவனுக்கும் அச்சொல் விளங்கும்.

இரும்பழிவு நிகழும் முறையை நம் வீட்டு எண்ணெய்க் குடத்தைக் கொண்டே அறியலாம். திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டுச் சிக்கு நாற்றம் எடுக்கிறதன்றோ? உயிரணுவின் தோலும் கொழுப்பால் ஆனதே. கட்டவிழ்ந்த இரும்பு அக்கொழுப்பைச் சிக்கெடுக்க வைக்கிறது. ஓரிடத்தில் பற்றிய கேடு அடுத்தடுத்துப் பரவித் தோல் கிழிகிறது; உயிரணு சாகிறது. இதனைத் தடுக்கச் செலீனியம் தாங்கிய காவல் நொதி ஒன்றும், அதற்குப் படைக்கலம் தரும் குளூட்டாதயோன் என்னும் பொருளும் உள. வைட்டமின் 'ஈ'யும் துணை நிற்கும். மூளைக்குருதி அடைப்பு, நெஞ்சடைப்பு, சிறுநீரகக் கேடு, நடுக்குவாதம் ஆகியவற்றில் இவ்வழிவுக்குப் பங்குண்டு என ஆய்வுகள் காட்டி வருகின்றன. புற்றணுக்களை இதே வழியில் சாகடிக்க இயலுமா என்றும் ஆராய்கின்றனர்.

இனிக் குடிக்கு வருவோம். உணவிலிருந்து எவ்வளவு இரும்பு உள்ளே வரலாம் என்று அளந்து நிறுத்துவது, ஈரல் சுரக்கும் எப்சிடின் என்னும் பொருள். சாராயம் அச்சுரப்பைக் குறைக்கிறது. வாயில்காவலன் உறங்க, இரும்பு மிகுதியாக நுழைந்து ஈரலில் குவிகிறது. அதே சாராயம் குளூட்டாதயோனையும் அழிக்கிறது. பகையை உள்ளே விட்டுக் காவலனின் படைக்கலத்தையும் பறிக்கும் இரண்டகம் அது! குடியால் கெடும் ஈரலில் இரும்பழிவின் பங்கு இவ்வாறு தெளிவாகி வருகிறது. காய்ச்சியது மலையிலாயினும், விற்பது அரசுக் கடையிலாயினும், ஈரல் வேறுபாடு பாராது.

இன்னொரு கொடுமையையும் எண்ணுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் நாடு தழுவிய நலக் கணக்கெடுப்பு கூறியது. ஒரே குடிசையில் கணவன் ஈரலில் இரும்பு குவிகிறது. மனைவி குருதியில் இரும்பு வற்றுகிறது. அவள் தட்டில் விழ வேண்டிய கீரையும் பயறும் அவன் குவளையில் கரைகின்றன. எனவே இரும்பே தீது என்று எவரும் கருதிவிட வேண்டா. கருவுற்ற பெண்கள் இரும்பு மாத்திரையை நிறுத்தலாகாது. குடியர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் இரும்பு மருந்து வாங்கி உண்ணலாகாது.

அரசுக்கடை இருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்றனர். 1937இல் சேலம் மாவட்டத்தில் குடிவிலக்குத் தொடங்கிய நாடு இது; 1971இல் அது நீக்கப்பட்டது; 2003 முதல் அரசே சில்லறையாக விற்கிறது. ஆயினும் 2023இல் மரக்காணம் பகுதியிலும், 2024இல் கருணாபுரத்திலும் நச்சுச்சாராயம் கொன்றது. குடிவிலக்குள்ள குசராத்திலும் பிகாரிலும் 2022இல் இதே கொடுமை நிகழ்ந்தது. கடையைத் திறந்ததும் காக்கவில்லை. சட்டத்தால் மட்டும் மூடியதும் காக்கவில்லை. காப்பவை பிழைப்பும் அறிவுமே.

கல்வராயன் மலையைப் பாருங்கள். சாகீர்தாரர்களின் பிடியில் இருந்த அம்மலை மக்கள் 1976இல்தான் அதிலிருந்து விடுபட்டனர். காவலர் ஊறலைக் கொட்டி அழிப்பதும், மீண்டும் ஊறல் போடுவதும் அங்கு வழக்கமாகிவிட்டன. கருணாபுரச் சாவுகளுக்குப் பின்னரே உயர்முறைமன்றம் அம்மக்களின் வாழ்வைத் தானாக முன்வந்து உசாவியது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் நிலவுரிமையும் சென்றிருந்தால் ஊறல் பானைக்கு அங்கு வேலை என்ன?

மாண்டோர் குடும்பங்களுக்குப் பத்து இலக்கம் உருபா வழங்கினர். உசாவல் ஆணையம் அமைத்தனர். வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. ஆனால் ஈரல் கருகி ஆண்டுதோறும் சாகிறவனுக்கு எந்த ஆணையமும் இல்லை. அவன் சாவு செய்தியாவதில்லை. விற்பனைக் கணக்கில் வருவாயாகிறது!

தமிழ்மக்களே! நச்சுமுறி மருந்தின் பெயரும் வயிற்றுப்புண் மருந்தின் பெயரும் ஒன்றோடொன்று குழம்பி, அந்நாள்களில் அரசியலார் நடுவே சொற்போரே மூண்டது. நாடாள்வோர்க்கே விளங்காத பெயர்கள் கருணாபுரத்துக் கூலித்தொழிலாளிக்கு எவ்வாறு விளங்கும்? பிழைத்தவர்களின் கண்ணையும் ஈரலையும் அரசு தொடர்ந்து ஆய்ந்து பார்க்கட்டும். சாராயம் உயிரணுவில் செய்யும் கேட்டை ஒவ்வொரு பள்ளியிலும் நலவாழ்வு நிலையத்திலும் தமிழில் எழுதி வைக்கட்டும். மலைமக்களுக்குப் பிழைப்பு வழி திறக்கட்டும். அதுவரை நாமும் வாளா இருத்தலாகாது. படித்தவர் ஒவ்வொருவரும் ஒரு தெருவுக்குச் சென்று, தம் தாய்மொழியில், இதனைச் சொல்லுங்கள். உடம்பில் உள்ள இரும்பு ஓர் ஆணியளவே. அதனை நம் மக்களின் பாடையில் அறையும் ஆணியாக விடலாமா?