வாசித்த பெண்களின் வரலாற்றை யார் எழுதுவது?

ஜாஸ் இசை என்றதும் லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன் முதலிய ஆண்களின் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. பெண்களின் பெயரைக் கேட்டால் பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று பாடகியரைச் சொல்வோம். டிரம்பெட் ஊதிய பெண் யார், சாக்ஸபோன் வாசித்த பெண் யார் என்று கேட்டால் விடையின்றி விழிப்போம். அத்தகைய பெண்கள் பலர் இருந்தனர். அவர்களைப் பற்றிய பதிவுகள்தாம் நெடுங்காலம் இல்லாதிருந்தன. அப்பதிவுகளை யார், எவ்வாறு உருவாக்க வேண்டும் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனை எண்ணிப் பார்க்கத் தக்க காரணம் உண்டு. இந்த வரலாறு ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பைனி வுட்ஸ் என்னும் உறைவிடப் பள்ளி உள்ளது. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் ஜோன்ஸ் என்பவர் 1909ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். பள்ளிக்கு நிதி திரட்டும் பொருட்டு 1937இல் மாணவியரைக் கொண்டே ஓர் இசைக்குழுவை அமைத்தார். 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்பது அக்குழுவின் பெயர். சிறுமியர் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று வாசித்தனர். 1941இல் குழு பள்ளியை விட்டுப் பிரிந்து, தொழில்முறைக் குழுவாயிற்று.

ஏன் பிரிந்தது? பள்ளியின் பக்கம் நின்று எழுதினால், மாணவியர் இசையால் பள்ளியை வாழவைத்தனர் என்னும் பெருமிதக் கதை கிடைக்கும். அது பொய்யன்று. ஆனால் அப்பெண்கள் பிற்காலத்தில் சொன்ன கதை வேறு. ஓயாத பயணத்தால் பாடங்கள் விடுபட்டன. உடன் பயின்றோரோடு சேர்ந்து படிப்பை முடிக்க இயலாது என்று சிலருக்குத் தெரியவந்தது. பிரிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்றனர். பள்ளிக்காக உழைத்ததாலேயே பள்ளிப் படிப்பை இழக்கும் நிலை! நிறுவனம் மட்டுமே வரலாற்றை எழுதியிருந்தால் இந்தப் பகுதி நமக்குக் கிடைத்திருக்குமா?

பிரிந்தபின் அக்குழு பெரும்புகழ் பெற்றது. டிரம்பெட்டில் டைனி டேவிஸ், சாக்ஸபோனில் வை பர்ன்சைட், டிரம்போனில் லாரன்ஸ் ஜோன்ஸின் வளர்ப்பு மகள் ஹெலன் எனத் திறமைசாலிகள் பலர் இருந்தனர். இனங்கள் கலந்து பழகத் தடையிருந்த தென்மாநிலங்களில் உணவகமும் விடுதியும் மறுக்கப்பட்டதால், பேருந்திலேயே உண்டு உறங்கினர். வெள்ளையினத்தவரான ராஸ் கிரான் என்னும் சாக்ஸபோன் கலைஞர் தம் நிறத்தை மறைத்துக்கொண்டு உடன் சென்றார். எல் பாசோ நகரில் கைதும் செய்யப்பட்டார். 1945இல் குழு ஐரோப்பா சென்று கறுப்பினப் படைவீரர்களுக்காக வாசித்தது. 1949இல் கலைந்தது.

அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மௌனம். அதற்குக் காரணங்கள் உண்டு. ஜாஸ் வரலாற்றை எழுதியோர் பெரிதும் இசைத்தட்டுகளையே சான்றாகக் கொண்டனர். பெண்கள் குழுக்களுக்கோ இசைத்தட்டு வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. அக்குழு உச்சத்தில் இருந்த 1942 முதல் 1944 வரை இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு மறுப்புப் போராட்டமும் நடைபெற்றது. இசை இதழ்களின் போக்கும் உதவவில்லை. 'டவுன் பீட்' இதழ் 1938இல், பெண் கலைஞர்கள் தரம் தாழ்ந்தவர்கள் என்று வாதிடும் கட்டுரையொன்றைப் பெயரின்றி வெளியிட்டது. சாக்ஸபோன் கலைஞர் பெக்கி கில்பர்ட் அதே ஆண்டில் அவ்விதழிலேயே மறுப்பு எழுதினார். அம்மறுப்புக்கும் இதழாசிரியர்கள் கேலியான தலைப்பையே சூட்டினர்.

எஞ்சிய சான்றுகள் எங்கே இருந்தன? பெரும்பாலும் அப்பெண்களின் வீடுகளில்தாம். புகைப்படத் தொகுப்புகள், நிகழ்ச்சி அறிவிப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக அவர்களின் நினைவு. அவற்றை வெளிக்கொணர்ந்தது ஒருவர் உழைப்பன்று. கன்சாஸ் நகரில் பெண்கள் இருவர் 1978இல் தொடங்கிய மகளிர் ஜாஸ் விழா, 1980இல் குழுவின் முன்னாள் உறுப்பினர்களை ஒன்றுகூட்டியது. 1983இல் டி. அன்டோனெட் ஹேண்டி அக்குழுவைப் பற்றி நூல் எழுதினார். அவரே ஒரு புல்லாங்குழல் கலைஞர். 1986இல் ஆவணப்படம் வந்தது. ஷெரி டக்கர் என்னும் ஆய்வாளர், பெண் இசைக்கலைஞர் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் பேசி, 2000ஆம் ஆண்டில் 'ஸ்விங் ஷிஃப்ட்' என்னும் நூலை வெளியிட்டார். 2011இல் முன்னாள் உறுப்பினர் சிலர் வாஷிங்டன் சென்று, தம் நினைவுப் பொருள்களை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தனர். விழாக்குழு, ஆய்வாளர், படமெடுப்போர், அருங்காட்சியகம், அப்பெண்கள் என்று பலரும் கைகோத்ததால் விளைந்த பயன் இது.

இத்தகைய கூட்டு முயற்சியே சரியான வழி என்பது என் துணிபு. ஆனால் 'கூட்டு' என்னும் சொல் வெறும் அலங்காரமாகிவிடக் கூடாது. ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று, ஒரு மணி நேரம் பேசவைத்துவிட்டு, படங்களையும் எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவது கூட்டு முயற்சியாகாது. எழுதியதை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். அவர் திருத்தச் சொன்னால் கேட்க வேண்டும். சொல்ல விரும்பாததைச் சொல்லாமலிருக்கும் உரிமை அவருக்கு உண்டு. பதிவின் படியொன்று குடும்பத்திடமும் ஊர் நூலகத்திடமும் இருக்க வேண்டும்.

முதியோர் நினைவு பிழைபடும், குடும்பத்தார் மிகைப்படுத்துவர் என்று சிலர் மறுப்பர். உண்மைதான். ஆகவேதான் ஆய்வாளரும் உடனிருக்க வேண்டும். 'சிகாகோ டிஃபென்டர்' போன்ற கறுப்பின வார இதழ்கள் அக்காலத்தில் வெளியிட்ட செய்திகளோடு நினைவுகளை ஒப்பிட்டுப் பார்க்க இயலும். ஆனால் இதழ்களில் வாராத செய்தியும் உண்டு. ஹெலன் ஜோன்ஸ் வுட்ஸ் பின்னர் ஒமாஹா நகரில் ஒரு சிம்பொனிக் குழுவில் சேர்ந்தார்; அழைத்துச் செல்ல வந்த தந்தையைப் பார்த்து அவர் கறுப்பினத்தவர் என்று அறிந்ததும் நீக்கிவிட்டனர். டிரம்போனை வைத்துவிட்டுச் செவிலியராகப் பணியாற்றினார். அவரும் வீட்டாரும் சொல்லாவிடில் இதை எந்த ஆவணம் சொல்லும்? 2020இல் கொரோனா தொற்றால், 96 வயதில் அவர் மறைந்தார். ராஸ் கிரான் 2021இல் மறைந்தார். கேட்க வேண்டியவற்றை அவர்கள் உயிரோடிருக்கும்போதே சிலர் கேட்டு வைத்தமையால் நாம் இன்று அறிகிறோம்.

ஆசிரியப் பெருமக்களே, பள்ளி விழா மலர்களை நாமும் வெளியிடுகிறோம். நிறுவியோர், தலைமையாசிரியர், வாரியத் தலைவர் ஆகியோரின் படங்களும் வாழ்த்துரைகளும் பக்கங்களை நிறைக்கின்றன. அப்பள்ளியில் பயின்ற பெண்பிள்ளைகள் என்ன ஆனார்கள், எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்று அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிய மலர்கள் எத்தனை? பெற்றோர்களும் இதில் பங்காளிகளாக வேண்டும். பாட்டியிடம் பேரப்பிள்ளை கேட்டு எழுதி, எழுதியதைப் பாட்டிக்கே படித்துக்காட்டும் எளிய பயிற்சியிலிருந்து நாம் தொடங்கலாம். பள்ளியின் வரலாறு பள்ளிக்கு மட்டும் உரியதன்று. அதற்காக உழைத்த பிள்ளைகளுக்கும் உரியது.