பற்றறி வேண்டாத ரோச் லைற்: வாங்கலாமா, விடலாமா?

இருட்டு எப்படிப்பட்டது என்று எமது விவசாயக் குடும்பங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றறியும் ஒன்றாகியது. சக்தியிழந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்துப் பார்த்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெயில் விளக்கெரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் உதவியுடன் வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, மழையில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தவர்களுக்கு ஒரு சிறு வெளிச்சத்தின் பெறுமதி தெரியும்.

போர் முடிந்த பின்னும் இருட்டு எம்மை விட்டுப் போய்விடவில்லை. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. ஆகவே, "பற்றறி தேவையில்லை" என்று எழுதிய ரோச் லைற்றைக் கடையில் கண்டதும் எம்மவர் கை அதன் பக்கம் போவதில் வியப்பில்லை. ஆனால் வாங்குமுன் சிறிது யோசிக்க வேண்டும்.

கம்பிச் சுருளினருகே காந்தம் அசைந்தால் மின் பிறக்கும் என்பதை மைக்கல் பரடே 1831 இல் கண்டறிந்தார். எமது சைக்கிள் டைனமோ இயங்குவது இதனால்தான். கையால் அமுக்கும் ரோச், பிடியைச் சுற்றும் ரோச், குலுக்கும் ரோச் ஆகிய மூன்றும் இதே முறையில்தான் இயங்குகின்றன. குறைந்த மின்னில் எரியும் எல்.ஈ.டி. குமிழ் வந்த பின்னர் இவற்றின் வெளிச்சம் முன்னரைவிட மேம்பட்டுள்ளது.

முதலில் நன்மையைச் சொல்வோம். கடை பூட்டிக் கிடந்தாலும், பாதை மூடியிருந்தாலும், கையில் காசில்லாவிட்டாலும் வெளிச்சம் கிடைக்கும். மாதாமாதம் பற்றறிக்குச் செலவிடும் பணம் மிஞ்சும். பழைய பற்றறி கசிந்து ரோச்சைக் கெடுப்பதில்லை. தீச்சுவாலை இல்லாதபடியால் கூடாரத்திலும் கிடுகுக் கொட்டிலிலும் தீப்பிடிக்கும் என்ற பயமில்லை. போத்தல் விளக்கு கவிழ்ந்து எரிகாயப்பட்டவர்களைக் கண்டு மனம் வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் கவிழாத கட்டை விளக்கொன்றை உருவாக்கியதை இங்கு நினைவுகூரலாம்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். உள்ளே பற்றறி இல்லாத அமுக்கும் ரோச், அமுக்குவதை நிறுத்தியதும் அணைந்துவிடும். தோளில் மண்வெட்டியுடன் இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர் வாய்க்காலை வெட்டுவாரா, ரோச்சை அமுக்குவாரா? வரம்பில் புடையன் கிடக்கும் இடத்தில் விட்டுவிட்டு எரியும் வெளிச்சத்தை நம்ப முடியாது. கைமூட்டு நோயுள்ள முதியவர்களுக்கும், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கும் இது இன்னும் கடினம். தூரத்தில் நிற்கும் யானையைக் காண இதன் வெளிச்சம் போதாது.

இதைவிடப் பெரிய குறையொன்றுண்டு. பிடியைச் சுற்றும் ரோச்சுகள் பலவற்றின் உள்ளே, மீள மின்னேற்றும் சிறிய பற்றறி ஒன்று இருக்கிறது. சூரிய ஒளியில் மின்னேறும் ரோச்சும் அப்படியே. சில வருடங்களில் அது செத்துவிடும். பசை போட்டு ஒட்டிய உறையைத் திறக்கவும் முடியாது. குலுக்கும் ரோச் ஒன்றை நானும் வாங்கினேன். சில மாதங்களில் மங்கிப் போனது. உடைத்துப் பார்த்தபோது, கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற இரண்டு பொத்தான் பற்றறிகள் உள்ளே இருந்தன! அவ்வளவு நாளும் நான் குலுக்கியது வீண்வேலை.

ஆகவே எனது கருத்து இதுதான். அன்றாட வயல் வேலைக்குப் பற்றறி போடும் நல்ல ரோச்சைக் கைவிடாதீர்கள். ஆனால் அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கட்டி வைத்திருக்கும் பையில், கையால் அமுக்கும் ரோச் ஒன்றையும் வைத்திருங்கள். திடீரென வெளியேற வேண்டிய இரவில் அது கைகொடுக்கும். உள்ளே பற்றறி இல்லாத ரோச்சாகப் பார்த்து வாங்கினால், பல வருடம் கிடந்தாலும் அதற்குள் செத்துப்போவதற்குப் பற்றறி இராது.

வாங்கும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். உறை திருகாணியால் பூட்டப்பட்டதா? பெட்டியிலிருந்து எடுத்ததும், அமுக்காமல், குலுக்காமல் பிரகாசமாக எரிகிறதா? எரிந்தால் உள்ளே பற்றறி உண்டென்று சந்தேகியுங்கள். குலுக்கும் ரோச்சானால், இரும்பு ஆணியை வெளியே பிடித்துப் பாருங்கள். உள்ளே அசைவது உண்மையான காந்தமானால் ஆணியை இழுக்கும்.

நிவாரணம் வழங்குவோரிடமும் ஒரு வேண்டுகோள். திருத்த முடியாத பொருளை ஆயிரக்கணக்கில் பகிர்ந்தளித்தால், இரண்டு வருடத்தில் அது எமது காணிகளில் குப்பையாகக் கிடக்கும். சைக்கிள் டைனமோவைக் கழற்றிப் பூட்டி வானொலி கேட்ட மக்கள் நாங்கள். கழற்றித் திருத்தக்கூடிய பொருளைத் தாருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.