பையனைப் பிடிக்கிறோம், 'அண்ணனை' விட்டுவிடுகிறோம்

"17 வயதுச் சிறுவன் உட்பட 4 பேர் கைது." வடசென்னைச் செய்திகளில் இந்த வரியைப் படித்துப் படித்து நமக்குச் சலித்தே போய்விட்டது. படித்ததும் டீக்கடையில் நம் வயதுக்காரர்கள் சொல்வதும் ஒன்றேதான்: "இவனுங்களுக்கு இந்தச் சட்டம் பத்தாது சார். பெரியவனுக்கு என்ன தண்டனையோ அதையே கொடுக்கணும்." வியாசர்பாடியில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். இந்தப் பேச்சு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் கேட்கும் கடுமை சட்டத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. 2012 டில்லிச் சம்பவத்துக்குப் பிறகு கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின்படி, 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவன் கொடுங்குற்றம் செய்தால், சிறார் நீதி வாரியம் பரிசீலித்து, பெரியவனைப் போலவே விசாரிக்க அனுப்பலாம். அதனால் பட்டாக்கத்தி குறைந்ததா? நம் தெருவைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

கத்தி பையன் கைக்குத் தானாக வருவதில்லை. அப்பா அம்மா போய், ஆயா வீட்டில் வளர்கிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயா இட்லி விற்கிறாள், அல்லது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். சாயந்திரம் பையனைக் கவனிக்க ஆள் கிடையாது. அப்போதுதான் ஓர் 'அண்ணன்' வருகிறார். பிரியாணி வாங்கித் தருகிறார், வண்டியில் ஏற்றிக்கொள்கிறார், செல்போன் தருகிறார். சில மாதம் கழித்து, "இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துட்டு வா." அப்புறம், "இந்தப் பொருளை வீட்ல வை." 'பொருள்' என்றால் என்னவென்று நம் பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில், "நீ மைனர்டா, கேஸை ஏத்துக்கோ. சீக்கிரம் வெளியே எடுத்துடறேன்."

இந்த 'அண்ணனுக்கும்' சட்டம் இருக்கிறது. அதே 2015 சட்டத்தின் 83ஆம் பிரிவு: சிறுவர்களைச் சட்டவிரோதக் காரியங்களுக்குப் பயன்படுத்தும் பெரியவனுக்கோ கும்பலுக்கோ 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் அபராதம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு இன்னும் கடுமை: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. பையனைத் தூக்கில் போடு என்று கத்துகிற நாம், அவனை அனுப்பியவன் மேல் இந்தப் பிரிவுகள் போட்டாயிற்றா என்று ஒரு நாளாவது கேட்டோமா?

"வெட்டுப்பட்டவன் வீட்டில் போய் இதைச் சொல்லும்" என்பீர்கள். அங்கேயும் இதைத்தான் சொல்வேன். பையன் உள்ளே போனால் 'அண்ணன்' அடுத்த வாரம் வேறொரு பையனைப் பிடித்துக்கொள்கிறார். அதில் அந்த வீட்டுக்கு என்ன நியாயம் கிடைத்தது?

உள்ளே போன பையன் கதியும் நமக்குத் தெரியும். பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன், 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடிபட்டுச் செத்தான். இல்ல ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் இல்லங்களைச் சீர்திருத்த நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 1920லேயே சிறுவர் சட்டம் கண்டு, இந்தியாவுக்கே வழிகாட்டிய மாகாணம் நம்முடையது!

இனி நல்லவர்களைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறந்தநாளுக்கு ஆதரவற்றோர் இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம், கேக் வெட்டுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். நாம் போவது வருஷத்துக்கு ஒரு நாள். 'அண்ணன்' தினமும் வருகிறார். பையன் யாரை நம்புவான்? 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிறவனுக்குப் பிற்காலப் பராமரிப்பு தரலாம் என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வாசலில் முதலில் வந்து நிற்பது யார்? பி அண்ட் சி மில் ஓடிய காலத்தில் தகப்பன் இல்லாத பையனை ஒரு மாமனோ சித்தப்பனோ உள்ளே சேர்த்துவிட வழி இருந்தது. 1996ல் மில்லோடு அந்த வழியும் மூடிப்போயிற்று.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எக்தோர் மாலோ 1878ல் எழுதிய 'சான் ஃபாமீ' எங்கள் தலைமுறை படித்த கதை. ரெமி என்கிற அநாதைப் பையனை விட்டாலிஸ் என்கிற தெருப்பாடகன் 40 ஃபிராங்குக்கு வாங்கிப் போகிறான். பின்னால் லண்டனில் ஒரு திருட்டுக் குடும்பம், நாங்கள்தான் உன் சொந்தம் என்று அவனைப் பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் பையன் கெட்டுப்போகவில்லை. கிழவன் விட்டாலிஸ் அவனோடு ஊர் ஊராக நடந்தான். எழுத்தும் பாட்டும் கற்றுக்கொடுத்தான். தருமம் செய்யும் வசதி அவனுக்கு இருந்ததில்லை. அவனால் முடிந்தது தினமும் கூட இருந்தது.

நம் பேட்டையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உமாபதியும் தங்கராஜும் தொடங்கிய கால்பந்துப் பயிற்சியைப் பாருங்கள். வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று வெளியூர்க்காரன் சொல்வது இப்படிப்பட்டவர்களால்தான். சாயந்திரம் பந்து உதைக்கிற பையன் 'அண்ணன்' கண்ணில் படுவதில்லை.

ஆகவே ஓய்வுபெற்ற நண்பர்களே, நம்மிடம் பணம் இல்லாவிட்டாலும் சாயந்திரம் இருக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக்கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் வந்தது. அந்த ஆயாவுக்கு மனு எழுதத் தெரியாது. இறப்புச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் கிடைக்கும் என்றும் தெரியாது. முப்பது வருஷம் மனுக்களோடு வாழ்ந்த நமக்குத் தெரியாதா? தெருவுக்கு ஒருவர் இதை எடுத்துச் செய்யலாம். கும்பலோடு திரியும் சின்னப் பையனைக் கண்டால், போலீஸுக்கு முன்னால் 1098க்கு ஒரு போன் போடுங்கள். அவன் பெயரைக் கேட்டு வையுங்கள். மறுநாளும் போய்ப் பேசுங்கள், அதற்கு மறுநாளும். அதைச் செய்துவிட்டு, பிறகு தண்டனையைப் பற்றிப் பேசுவோம்.