விஞ்ஞான ஆசிரியரும் பாட அறிவும்

நம் பிள்ளைகளின் விஞ்ஞான ஆசிரியர் பெரிய பட்டம் பெற்றவரல்லர் என்று பெற்றோர் சிலர் குறைப்படுவதுண்டு. பட்டம் எத்தனை என்பதைவிட, எந்தப் பாடத்தில் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்போம். கேந்திரிய வித்யாலயங்களில் 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளின் விஞ்ஞான ஆசிரியர் பதவிக்குத் தாவரவியல், விலங்கியல், இரசாயனம் ஆகிய பட்டப் பாடங்களே நெடுங்காலமாகக் கோரப்பட்டு வந்தன. ஒளியையும் மின்சாரத்தையும் நடத்த வேண்டியவரும் அவரே. மேல்நிலைப் பள்ளியோடு பௌதிகத்தை விட்டவர் அதைக் கற்பிக்க நேர்வது அவர் குற்றமன்று, ஏற்பாட்டின் குறை.

இதனால் என்ன கெட்டுவிடும்? கோடை ஏன் வருகிறது என்று டில்லியில் வளரும் நம் குழந்தை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பூமி சூரியனை நெருங்குவதால் என்று சொன்னாலும் சொல்லும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே, ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில்; டில்லி குளிரில் நடுங்கும் நாட்களில்! ஜூலைத் தொடக்கத்திலோ 15.2 கோடி. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால், அந்த ஜனவரி நண்பகலில் டில்லி வானில் சூரியன் சுமார் 39 பாகை உயரமே ஏறுகிறது; ஜூன் பிற்பகுதியில் 85 பாகை. பிள்ளையின் மனத்தில் முன்பே குடியேறிய பிழையை உணர்ந்து, "அப்படியானால் ஜனவரியில் ஏன் குளிர்?" என்று திருப்பிக் கேட்பதற்கு, ஆசிரியருக்குப் பாடப் புத்தகத்திற்கு அப்பாலும் சிறிது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் 'சிறிது' எவ்வளவு? ஆராய்ச்சியாளரின் புலமையை நாம் எதிர்பார்க்கவில்லை. நடத்தும் வகுப்புக்கு மேல் இரண்டு மூன்று வகுப்புகளின் பாடம் ஐயமறத் தெரியட்டும். சோதனைகளைத் தம் கையால் செய்திருக்கட்டும். (பரிசோதனைச் சாலையின் சாவியைத் தேடுவதிலேயே ஆண்டு கழியும் பள்ளிகளும் உண்டு.)

1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானத் திட்டம், ஆசிரியர்களையே முதலில் சோதனை செய்து கற்க வைத்தது. பிள்ளைகள் தம் ஐயங்களைச் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினர். 2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியதை நாம் பெரிய இழப்பாகவே கருதுகிறோம்.

"தெரியவில்லை, நாளை பார்த்துச் சொல்கிறேன்" என்னும் ஆசிரியரை வீட்டில் ஏளனம் செய்யாதீர்கள். மறுநாள் சொன்னாரா என்று மட்டும் பிள்ளையிடம் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய கேள்வி வேறு: பௌதிகம் கற்றவர் ஒருவர், வாரத்தில் சில மணி நேரமேனும், இவ்வகுப்புகளுக்கு வருவாரா?