தொந்தி கரைக்கும் ஊசியா, கூலி கரைக்கும் ஊசியா?

நம் தஞ்சைத் தரணியில் ஒரு காலத்தில் தொந்தி என்பது மிராசுதாரின் தனிச் சொத்தாக இருந்தது. பண்ணையாளின் வயிறோ முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 1968ல் வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்திய மண் இது.

இன்று உழைப்பாளிக்கும் தொந்தி விழுந்திருக்கிறது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்குப்படி தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 37 பேர் அளவுக்கு மீறிய எடை. அதற்கு முந்தைய கணக்கில் 28 பேர்.

"வசதி வந்துவிட்டது, உடம்பு வளைய மறுக்கிறது" என்று கேலி பேசுகிறார்கள் பட்டணத்துக் கனவான்கள். எது வசதி? அறுவடை மெஷின் வந்து கருக்கரிவாளைப் பிடுங்கிக்கொண்டது. தட்டில் ரேஷன் அரிசிச் சோறு மலைபோல் குவிகிறது. பக்கத்தில் பருப்பையும் மீனையும் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆலையில் இரவு ஷிப்டு. பசிக்கு பன்னும் டீயும், அலுப்புக்கு டாஸ்மாக். சர்க்கரை நோய் வராமல் என்ன வரும்?

போன மாதம் அரிசி ஆலைத் தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். 110 கிலோ எடை, முழங்கால் வலி. "அண்ணே, வாரம் ஒரு ஊசி போட்டால் வயிறு கரையுமாமே?" என்றார்.

கரையும், தோழர்களே. பொய்யில்லை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு சுரப்பின் வேலையை அந்த மருந்து செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மூளை போதும் என்கிறது. செமாகுளூடைட் சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதம் எடை குறைந்தது. கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும். மூட்டை தூக்குகிறவன் இதைக் கவனிக்க வேண்டும். குமட்டல், வாந்தி உண்டு. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும். ஆகவே வாங்கிக்கொண்டே இரு என்கிறது கம்பெனி!

விலையைக் கேளுங்கள். 2025 ஜூனில் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் வீகோவியை இங்கே இறக்கியபோது, மாதத்துக்கு 17,345 ரூபாயில் தொடங்கியது. அதே ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு மாத ஊசிக்கு 52 நாள் கூலி!

இதைத் தயாரிக்க என்ன செலவு? ஆராய்ச்சியாளர்கள் 2024ல் கணக்குப் போட்டார்கள்: செமாகுளூடைட் ஊசியை மாதத்துக்கு 5 டாலருக்கும் குறைவான செலவில் செய்யலாம். காப்புரிமை முடியும் காலம் நெருங்கியதும், 2025 நவம்பரில், அதே கம்பெனி விலையை 37 சதம் வரை தானே வெட்டியது. ஒரே நாளில் வெட்ட முடிந்ததென்றால், முதல் நாள் வரை பிடுங்கியதற்குப் பெயரென்ன? பகற்கொள்ளை!

1970ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்றது. வேறு செய்முறையில் யாரும் செய்யலாம். நம் மருந்துகள் மலிந்தது அதனால்தான். 2005ல் உலக வர்த்தக அமைப்புக்குத் தலைவணங்கி அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். அப்போது இடதுசாரிகள் போராடிச் சேர்த்த தடைகளில் ஒன்றுதான் 2013ல் உச்ச நீதிமன்றத்தில் நோவார்டிஸின் புற்றுநோய் மருந்து உரிமையைத் தடுத்தது. செமாகுளூடைட் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரைதான் ஆயுள். அமெரிக்க எலி லில்லியின் மௌஞ்சாரோவுக்கோ காவல் இன்னும் நீடிக்கிறது.

இந்த இடைவெளியில் போலிகள் புகுகிறார்கள். இணையத்தில் பார்த்து எடை குறைய வெங்காரம் தின்ற மதுரை மாணவி ஒருவர் 2026 ஜனவரியில் உயிரிழந்தார். பொடி, லேகியம், பெல்ட் எதையும் நம்பாதீர்கள்.

நம் கோரிக்கை தெளிவானது. சர்க்காரே இந்த மருந்தைத் தயாரிக்கட்டும், அல்லது மொத்தமாக வாங்கட்டும். தேவையென்று டாக்டர் சொல்லும் உழைப்பாளிக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடட்டும். வீடு தேடி மாத்திரை வருகிறது, நல்லது, ஊசியும் வரட்டும். ரேஷனில் பருப்பைக் கூட்டிக் கொடு. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஷிப்டு இழுக்காதே.

அந்த ஆலைத் தோழரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை 280 காட்டியது. மாத்திரை கொடுத்தார்கள், இரவுச் சோற்றைப் பாதியாக்கச் சொன்னார்கள். "இரவு ஷிப்டை யார் பாதியாக்குவது அண்ணே?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.