நெய்யாற்று நீர்

1954 ஆகஸ்ட் 11-ந் தேதி புதுக்கடையில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தை நம் வாசகர்கள் மறந்திரார். 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்று அணையோ கேரளத்தில் நின்றுவிட்டது. இடதுகரைக் கால்வாய் வழியே இத்தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாய்ந்த நீரைக் கேரள சர்க்கார் 2004-இல் நிறுத்தினர். நெய்யாறு இரு ராஜ்யங்களுக்கும் பொதுவான நதியன்று என்பது அவர்கள் வாதம். திட்டம் வகுத்த காலத்தில் அணையும் வயலும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் அன்றோ இருந்தன? இடையில் எல்லைக்கோடு விழுந்ததால் பாத்தியதை அழிந்துவிடுமா? தமிழக சர்க்காரும் 2012-இல்தான் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். எட்டு வருஷத் தாமதத்திற்கு என்ன சமாதானம்? கால்வாய் வறண்டால் குடியானவன் கிணற்றில் மோட்டார் வைக்கிறான். அம்மின்சாரம் இலவசமாம்! அதன் கிரயம் பொக்கிஷத்திலிருந்து, அதாவது நம் வரியிலிருந்து, போகிறது. தானே இறங்கி வரக்கூடிய நீர் மேலே நிற்க, நிலத்தடி நீரைக் காசு கொடுத்து இறைப்பானேன்? தண்ணீருக்கு விலை வேண்டுமா என்பதைப் பின்னர் பேசிக்கொள்ளலாம். முதலில் மதகைத் திறக்கட்டும்.