பழி பசுவுக்கு மட்டுமா?

நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, தாத்தா எங்கள் லட்சுமியை அடிமாட்டுக்கு விற்றார். தோட்டத்து வீட்டின் பின்புறம் அவர் வளர்த்த ஆறு மாடுகளில் அதுதான் அதிகம் கறந்தது. பலமுறை காளைக்கு விட்டும் சினை நிற்கவில்லை. “மலட்டு மாடு, தீனி தண்டம்” என்றார்கள். மறு ஆண்டு மேலும் இரண்டு பசுக்களுக்கு அதே கதி. அக்கம்பக்கத்து மாடுகளுக்கெல்லாம் பொதுவாக இருந்த காளையைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் வாட்டசாட்டமாக நின்றதே!

இன்று கால்நடை மருத்துவம் பயிலும் எனக்கு அது உறுத்துகிறது. கேம்பைலோபாக்டர் ஃபீடஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. அதன் ஒரு வகை காளையின் குறி உறையில் தங்கி, இனச்சேர்க்கையின் வழி பசுவுக்குப் பரவுகிறது. காளைக்கு எந்த அறிகுறியும் தெரியாது. வயதான காளை அதை ஆண்டுக்கணக்கில் சுமக்கும். பசுவோ கருவைத் தொடக்கத்திலேயே இழந்து, மீண்டும் மீண்டும் பருவத்துக்கு வரும். கொடுமை என்னவென்றால், பெரும்பாலான பசுக்கள் சில மாதங்களில் தாமாகவே தேறிவிடும். அதற்குள் நாம் விற்றுவிடுகிறோம்.

இதைக் கண்டறிவது முன்பு எளிதாக இல்லை. காளையின் குறி உறையைக் கழுவியெடுத்த நீரிலிருந்து கிருமியை வளர்க்க வேண்டும். காற்றில் உள்ள அளவு ஆக்சிஜனை அக்கிருமி தாங்காது. ஆய்வகம் சேருமுன்பே செத்துவிடலாம். பிசிஆர் சோதனைக்குக் கிருமி உயிரோடு இருக்கத் தேவையில்லை. அதன் மரபணுத் துணுக்கே போதும். சுற்றுக்குச் சுற்று அத்துணுக்கு இரட்டிப்பாகி, 30 சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட இம்முறைக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாதிரி ஆய்வகம் சேர்ந்த ஓரிரு நாளில் முடிவு சொல்லலாம். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. அடுத்த பருவத்துக்குள் முடிவு உரிமையாளரின் கையில் இருக்கும்.

குறையே இல்லாத சோதனை இது என்று நான் வாதிடவில்லை. நெருங்கிய இனக் கிருமியோடு குழப்பிவிடுவதும் உண்டு. ஒருமுறை ‘இல்லை’ என்று வந்ததை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மறுமுறையும் சோதிக்க வேண்டும். “சோதிக்கப்பட்ட விந்தைக் கொண்டு சினை ஊசி போட்டால் போதுமே” என்பார்கள். உண்மைதான். ஆனால், பருவம் ஒரு நாள்கூட நீடிப்பதில்லை. ஊசி போடுபவர் வந்து சேருமுன் அது கடந்துவிட்டால், சிறு உரிமையாளர் மீண்டும் பொதுக் காளையைத்தான் தேடிப் போவார்.

ஆகவே, பலர் பயன்படுத்தும் காளையைச் சோதிக்காமல் பசுவிடம் விடக்கூடாது என்பதே என் கருத்து. பத்துப் பசுக்களைச் சோதிப்பதைவிட ஒரு காளையைச் சோதிப்பது மலிவு. செலவை அக்காளையால் பயன்பெறுவோர் பகிர்ந்துகொள்ளலாம்.

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் தாத்தாவிடம் விளக்கினேன். இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் இங்கே ஆங்கிலத்திலும் கற்றதைத் தமிழில் சொல்லத் திணறினேன். பொறுமையாகக் கேட்டவர், “அப்போ லட்சுமி மலடு இல்லையாம்மா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று யாரும் சோதிக்கவில்லையே!

நண்பர்களே, ஆய்வகத்தில் நாம் கற்பதைக் கொட்டகைவரை கொண்டுசெல்லும் தமிழ் நமக்கு வேண்டும். அடுத்த லட்சுமியாவது விலை போகாமல் இருக்கட்டும்.